மஞ்சள் படியாத கன்னம்

அந்தச் செய்தி எனக்குக் கண்ணாடிக்கூடாகத்தான் வந்தது. நான் வேலை செய்யும் இடத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளம் அது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சோதித்து, தட்டுகளில் அடுக்கி, கிருமி நீக்கி மேலே அனுப்புவது எங்கள் வேலை. அன்று காலை முழங்கால் சத்திரசிகிச்சைக்கான தட்டொன்றை அடுக்கிக்கொண்டிருந்தேன். பகுதிப் பொறுப்பாளர் வெளியே நின்று கண்ணாடியில் தட்டினார். நான் நிமிர்ந்ததும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். மெற்றில்டா அக்கா போய்விட்டார் என்று விளங்கிவிட்டது. நாலு மாதமாக எதிர்பார்த்த செய்திதான். எதிர்பார்த்திருந்தால் வலி குறையும் என்று சொன்னவன் எவனோ, அவனை எனக்கு ஒருக்கால் காட்டுங்கள். தட்டை அடுக்கி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பாதியில் விட்டிருந்தால் அக்கா ஏசியிருப்பார்.

உங்களில் பலர் அவரை அறிவீர்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து எல்லோரும் தேவாலய வாசலில் கதைத்துக்கொண்டு நிற்க, ஒரு ஓரத்தில் பேசாமல் நின்று ஆட்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர்தான். பெருமைக்காரி என்று சொன்னவர்கள் உண்டு. நானும் முதல் ஒரு வருடம் சொன்னேன். பிறகு பத்தொன்பது வருடம் அவர் எனக்கு எதிர்மேசை. குரோருட்டில் அவர் வீட்டுக்குள், மாதா படத்துக்கு நேர் எதிரே, ஒரு கண்ணாடி அலுமாரி நிறையப் பிளாஸ்ரிக் ரோபோக்கள் நின்றது எத்தனை பேருக்குத் தெரியுமோ எனக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ரோபோ பொருத்திக்கொண்டிருந்தார் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரியுங்கள். நானும் சிரித்தவன்தான்.

அந்தப் பழக்கம் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் தொடங்கியது. ரி-பானெ சுரங்கரயில் நிலையத்துக்கு இறங்கும் சரிவில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்தியபிறகும் கை திரும்பவில்லை. கைப்பயிற்சி கொடுத்த நோர்வேஜியப் பெண், விரலுக்கு நுணுக்கமான வேலை ஏதாவது தினமும் கொடுங்கள், பின்னல் பின்னலாமே என்றாராம். அக்காவுக்குப் பின்னலைக் கண்ணில் காட்டக்கூடாது. ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் போய், இருப்பதில் துண்டுகள் அதிகமுள்ள பெட்டியைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி வந்தார். படத்தைத் துண்டு துண்டாகப் பொருத்தும் விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். வீட்டில் திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்ரிக். ஒவ்வொரு சட்டத்திலும் நகத்தளவு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. யப்பானிய மொழியில் ஒரு புத்தகம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் அவருடைய கணவர் யோசப் அண்ணை. எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்குதுதானே என்று அக்கா இருந்துவிட்டார். மூன்று மாதம் எடுத்தது. முடிந்ததும் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு அறையில் எனக்குக் காட்டினார். அந்த ரோபோவின் மணிக்கட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

"பாரும் குகன், என்ரை கையைவிட இவன்ரை கை திறம்" என்றார்.

அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மூட்டு அதிகமுள்ளவையாகத் தேடித் தேடி வாங்கினார். முழங்கால் இரண்டு இடத்தில் மடியவேண்டும், தோள் முன்னுக்கும் பின்னுக்கும் இழுபடவேண்டும், விரல்கள் தனித்தனியே மடங்கவேண்டும். பார்க்க எவ்வளவு வடிவாயிருந்தாலும் இடுப்பு வளையாதென்றால் தொடமாட்டார். சட்டத்திலிருந்து துண்டை ஒரே வெட்டில் எடுக்கவும் மாட்டார். வெட்டுக்குறட்டால் முதலில் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்ட ஒரு வெட்டு, பிறகு அரம். ஒரே வெட்டாக வெட்டினால் அந்த இடத்தில் பிளாஸ்ரிக் வெளிறி, தழும்பு மாதிரி நிற்கும். வேலையிலும் அவர் அப்படித்தான். நூறு தரம் பார்த்த கத்தரிக்கோலையும் விளக்கின்கீழ் பிடித்து மூட்டைத் திறந்து மூடிப் பார்ப்பார். "இறுகின மூட்டும் பிழை, ஆடுற மூட்டும் பிழை. நிப்பாட்டின இடத்திலை நிக்கவேணும்" என்பார். நாங்கள் அவசரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

ஒருநாள் ட்வெய்ட்டாவில் அழகுசாதனக் கடையொன்றில் அவரைப் பிடித்தேன். கையில் நகப்பூச்சு. நிறமில்லாதது. பொட்டைத் தவிர வேறொன்றும் முகத்தில் வைத்து அறியாத மனுஷி. எனக்கு வாய் சும்மா இருக்குமா? அக்காவுக்கு இப்போதுதான் வயது திரும்புதோ என்று கேட்டேன்.

"எனக்கில்லை காணும், அவனுக்கு. இடுப்பு ஆடுது" என்றார், கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, முகம் மாறாமல்.

தளர்ந்த மூட்டுக்குள் ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டால் இறுகிவிடுமாம். அந்தக் குப்பியில் பாதியை எனக்குத் தந்தார். ஏனென்றால் அந்த நேரம் நானும் ஒரு பெட்டி வாங்கியிருந்தேன். எதிர்மேசையில் பதினொரு மாதம் ஒரே கதையைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேறென்ன செய்வது?

நான் பொருத்திய முதலாவதைக் கொண்டுபோய்க் காட்டியபோது நடந்ததைச் சொல்லவேண்டும். இரண்டு காலும் அகட்டி, இரண்டு கையும் உயர்த்தி, பெட்டியில் அச்சடித்திருந்த படத்தில் உள்ளபடியே நிறுத்தியிருந்தேன். அக்கா பார்த்துவிட்டு, "பாரம் எந்தக் காலிலை?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. என்னை எழும்பி நிற்கச் சொன்னார். நின்றேன். இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது முழங்காலைத் தளரவிட்டு நிற்கிறேன் என்று அவர் சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. "ரெண்டு காலிலையும் சமனாய் நிக்கிறது சிலை மட்டுந்தான். மனிசர் ஒரு காலை நம்பித்தான் நிப்பினம். அதைக் கண்டுபிடிச்சால் மிச்ச மூட்டெல்லாம் தன்ரைபாட்டிலை வரும்." தேவாலய வாசலில் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றது இதற்காகத்தான். பெருமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அவருடைய அலுமாரியில் ஒரு ரோபோகூடச் சண்டைக்கு நிற்கவில்லை. ஒன்று குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டியது. ஒன்று பனிக்கட்டியில் பாதத்தைப் பதித்துப் பதித்து நடந்தது. ஒன்று ரி-பானெயில் தொங்கும் பட்டியைப் பிடித்தபடி நித்திரை தூங்கியது. எல்லாம் அவர் எங்கேயோ கண்ட ஆட்கள். யார் யார் என்று மட்டும் சொல்லவே மாட்டார். சொன்னால் அடுத்த நாள் அந்த ஆள் அப்படி நிற்காது என்பார். என்னை எப்போதாவது செய்தீர்களா என்று கேட்டேன். நீர் ஒரு இடத்தில் நின்றால்தானே என்றார்.

பெட்டியோடு வரும் விளையாட்டுத் துவக்குகளையும் வாள்களையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு வைத்திருந்தார். ஒருமுறை வீட்டுக்கு வந்த ஒருவர் அந்தத் தகரத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் சனம் பட்டது போதும் என்றுதானே இதை ஒதுக்கினீர்கள் என்று கண் கலங்கினார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு, "அதுவும் இருக்கலாம். ஆனால் அது சரியான பாரம், இவங்கடை முழங்கை தாங்காது" என்றார். வந்தவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

யோசப் அண்ணையைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தக் கதை அவரில்தான் போய் முடிகிறது. குரோருட் பள்ளத்தாக்கில் ஒரு மரவேலைத் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் வாள் இயந்திரத்தோடு இருபத்தைந்து வருடம் நின்றவர். சாதுவான மனுஷன். என்ன கேட்டாலும் "ஓம்" என்பார். தலையை ஆட்டிச் சிரிப்பார். கதைக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். கூச்சம் என்று நினைத்தோம். ஒரு கோடையில் எங்கள் பகுதிக்காரரின் ஒன்றுகூடலுக்கு அக்கா அவரையும் கூட்டிவந்தார். ஏரிக்கரையில் கிடந்த நீள வாங்குப் பலகையில் அவருக்கு வலப்பக்கத்தில் நான் போய் இருந்துவிட்டேன். அக்கா சாப்பாட்டுத் தட்டோடு வந்து எனக்கு முன்னால் நின்றார். மற்றப் பக்கம் இடம் இருக்கிறதென்று காட்டினேன். நின்றார். வாங்கு முழுக்க இடம் இருக்கிறதக்கா என்றேன். ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டேயிருந்தார். கடைசியில் நான்தான் எழும்பினேன். புருஷனுக்குப் பக்கத்தில் இருக்க இப்படியும் ஒரு பிடிவாதமா என்று எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது.

அக்காவின் உடம்பில் வருத்தம் வந்தபின் நாலு மாதந்தான். கையில் பலம் இருந்தவரை ஏதோ ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார். பலம் போனபிறகு, பொருத்தி வைத்தவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பத்து நாளும் மருத்துவமனையில். அவர் பத்தொன்பது வருடம் கருவி அடுக்கிய அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடி. நான் வேலை முடிந்து மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இனி நான் செய்த பிழை.

அக்கா இறந்த நாளிலிருந்து வீட்டில் மாலையில் செபமாலை. சனம் வரும், இருக்க இடம் வேண்டும். மகள் ஸ்தவாங்கரிலிருந்து வந்து இறங்கிய களைப்பில் இருந்தாள். யோசப் அண்ணை கதிரையில் இருந்தவர் இருந்தபடி. வீட்டை ஒதுக்கும் வேலையை நான் கையிலெடுத்தேன். அலுமாரியை அறைக்குள் தள்ளவேண்டும். குசினி யன்னல் விளிம்பில் சுடுதண்ணிப் போத்தல்கள் வைக்கவேண்டும். பதின்மூன்று ரோபோ அலுமாரியில், ஒன்று அந்த யன்னல் விளிம்பில். பதினாலையும் எடுத்து, வாழைப்பழம் வந்த அட்டைப்பெட்டிகளுக்குள் அடுக்கினேன். எப்படி அடுக்கினேன் என்று கேளுங்கள். எங்கள் வேலையில் கத்தரிக்கோலோ இடுக்கியோ, எதுவென்றாலும் பூட்டைக் கழற்றி, மூட்டைத் தளர்த்தி, நேராக்கி, பெரியது அடியில் சிறியது மேலே. இருபது வருடப் பழக்கம். கை அதுபாட்டில் செய்துவிட்டது. பதினாலு ரோபோவின் கை, கால், கழுத்து, இடுப்பு எல்லாவற்றையும் நேராக்கி, வரிசையாகப் படுக்கவைத்து, மேலே துணியும் மூடினேன். நல்ல வேலை செய்தேன் என்ற நினைப்பு வேறு.

அடக்கம் முடிந்து சனம் குறைந்தபின் ஒருநாள் யோசப் அண்ணை, வெள்ளையன் எங்கே என்று கேட்டார். யன்னலில் நின்றதற்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். ஒரு சாணுக்கு மேல் உயரம், முழு வெள்ளை, அக்கா செய்ததில் இரண்டாவது. நான் பெட்டியைத் திறந்தேன். துணியை விலக்கியதும் அவர் பார்த்தார். பதினாலும் பிரேதம்போல நீட்டி நிமிர்ந்து கிடந்தன. அப்போதுதான் என் கை செய்ததை என் கண் கண்டது.

"எல்லாத்தையும் குலைச்சுப்போட்டாய்" என்றார். அத்தனை வருடமும் என்னை "நீர்" என்று மரியாதையாகவே அழைத்தவர்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்றவற்றை விடு, முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்கு முன்னம் வெள்ளையனை மட்டும் நின்றமாதிரி நிறுத்தித் தா என்றார். அது மெற்றில்தான், தன்னைத்தான் அவள் அப்படிச் செய்துவைத்தாள், தான் வேலையால் வருகிறாரா என்று யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பவள் என்றார். தினமும் காலையில் அதற்கு எதிரே இருந்துதான் கோப்பி குடிப்பாராம்.

அடுத்த இரண்டு கிழமையும் வேலையில்லாத நாளெல்லாம் அந்தக் குசினியில்தான் இருந்தேன். வெள்ளையனை யன்னல் பக்கம் பார்க்கவைத்தேன். கையை நெற்றிக்கு உயர்த்தினேன். விரலைக் கண்ணாடியில் முட்டவைத்தேன். ஒவ்வொரு முறையும் யோசப் அண்ணை கோப்பிக் கோப்பையோடு வந்து பார்த்து, இது இல்லை என்று தலையாட்டுவார். எது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாளும் பொழுதும் பார்த்ததாலேயே மறந்துபோச்சு என்றார். படங்களைத் தேடினோம். மகளின் பிறந்தநாள் படமொன்றில் கேக்குக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பாதம் தெரிந்தது, அவ்வளவுதான். அக்கா தன்னுடைய ரோபோக்களைப் படமெடுக்க விட்டதில்லை. படம் ஒரு பக்கத்தைத்தான் காட்டும் என்பார்.

முப்பத்தோராம் நாளுக்கு நாலு நாள் இருக்க, நான் கையை விரித்துவிட்டேன். என்னால் முடியாதண்ணை, மன்னியுங்கள் என்றேன். யோசப் அண்ணை மேசையில் எனக்கு எதிரே இருந்தார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். தன்னுடைய இடது காது கேளாமல் போய் வருடக்கணக்காகிவிட்டது என்றார். வாள் இயந்திரத்தின் இரைச்சல் தின்றுவிட்டது. மெற்றிலுக்குச் சொன்னதில்லை. கை முறிந்து அவள் பட்ட பாட்டில், இனி இந்தச் சந்தேகத்தையும் அவள் தலையில் போடுவானேன் என்று விட்டுவிட்டார்; நிச்சயமானபோது சொல்லும் நேரம் தவறிப்போய்விட்டது. விளங்காததுக்கெல்லாம் ஓம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். நாங்கள் அதைக் குணம் என்று நினைத்திருந்தோம்.

பிறகு சொன்னார்:

"கடைசி நாள் அவள் ஏதோ சொன்னவள், தம்பி. வலப்பக்கம் நேர்ஸ் நிண்டவ. நான் மற்றப் பக்கத்தாலை குனிஞ்சனான், இடது காதுதான் கிட்ட. நான் திரும்பமுதல் சொல்லி முடிச்சிட்டாள். திருப்பிச் சொல்லெண்டு கேட்டால் காது கேக்காதெண்டு தெரிஞ்சிடும். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அவள் என்னைப் பார்த்துச் சிரிச்சவள். அதுக்குப்பிறகு கதைக்கேல்லை."

மூக்கைத் துடைத்தார்.

"எதுக்கு ஓம் சொன்னனான் எண்டு எனக்குத் தெரியாது. நான் கேட்டிட்டன் எண்டு நம்பிச் சிரிச்சிருக்கிறாள். அவளைக் கடைசியிலையும் ஏமாத்திப்போட்டன்."

இந்த மனுஷன் வெள்ளையனை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அக்கா சொன்ன கடைசிச் சொல் அவரிடம் இல்லை. அக்கா நிறுத்திய நிற்பாவது வேண்டும் என்று கேட்டார். அதையும் நான் அழித்துவிட்டேன்.

அவர் எழும்பிக் கோப்பை கழுவப் போனார். நான் சும்மா இருக்கமாட்டாமல் வெள்ளையனைக் கையில் எடுத்தேன். பனி உருகத் தொடங்கிய நாள்கள், மத்தியான வெயில் யன்னலால் நேரே மேசைக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில்தான் கண்டேன். வெள்ளையன் முழு வெள்ளை இல்லை. முதுகுப்பக்கம் பழைய பத்திரிகை மாதிரி மஞ்சளித்திருந்தது. முன்பக்கம் வெள்ளை. யன்னலைப் பார்த்து நின்றிருந்தால் நெஞ்சல்லவா மஞ்சளிக்கவேண்டும்? ஆகவே அவன் வெளியே பார்க்கவில்லை, குசினியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். விளக்கின்கீழ் கருவி சோதிப்பதுபோல ஒவ்வொரு மூட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னிடுப்பில், மஞ்சளுக்கு நடுவே, ஒரு வெள்ளைத் தடம். நாலு விரலும் தெரிந்தது. இடது கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தத் தடத்தில் வைத்தேன். சரியாக மூடியது. இடது முழங்காலின் பின்மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. அது மறையும்வரை மடித்தேன், குதிக்கால் மெல்ல உயர்ந்தது. வலது முழங்காலில் கோடே இல்லை. பாரம் அந்தக் காலில்.

மிச்சம் தலைதான். இடது கன்னம் நல்ல மஞ்சள். வலது கன்னம் பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த வெள்ளை. இடது கன்னத்தில் வெயில் படவேண்டுமென்றால் முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கவேண்டும். திருப்பினேன். வலது காதுப்பக்கம் குசினி மேசையை நோக்கி வந்து நின்றது. யன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தேன்.

"அண்ணை, இப்பிடியோ பாருங்கோ" என்றேன்.

தண்ணி ஓடும் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. கழுவுதொட்டியடியில் நின்றபடி, இடது கையைப் பின்னிடுப்பில் ஊன்றி, முகத்தை இடப்பக்கம் திருப்பி, "என்ன?" என்றார். இடது குதிக்கால் நிலத்தில் படவில்லை.

நான் அவரையும் பார்த்தேன், யன்னலையும் பார்த்தேன். இரண்டும் ஒரே நிற்பு. சொல்லுவோமா விடுவோமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். விட்டால் அவருக்கு வெள்ளையன் கிடைக்கும், சொன்னால் வேறென்ன கிடைக்குமோ தெரியாது.

"அண்ணை, அப்பிடியே நில்லுங்கோ. அசையாதையுங்கோ. அதைப் பாருங்கோ" என்றேன்.

பார்த்தார். முதலில், ஓம், இதுதான், இதேதான் என்றார். கழுத்தை நான் திருப்பினேனா என்று கேட்டார். இல்லையண்ணை, வெயில் சொன்னதைத்தான் செய்தேன் என்று மஞ்சள் கன்னத்தையும் வெள்ளைக் கன்னத்தையும் காட்டினேன். தண்ணியைப் பூட்டிவிட்டு வந்தார். வெள்ளையனின் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தார். தன்னுடைய இடுப்பில் இருந்த கையை எடுத்து, ஈரத்தோடு, தன் இடது காதைத் தொட்டார்.

"இதை எப்ப செய்தவள்?" என்றார்.

இரண்டாவதாகச் செய்தது என்றேன். கை முறிந்ததற்கு அடுத்த வருடம். பதினொரு வருடமாக அதே இடம். அந்த மஞ்சள் ஒரு கோடையில் ஏறுவதல்ல.

"அந்த நேரம் எனக்கே நிச்சயமில்லை" என்றார் யோசப் அண்ணை. "எனக்கு முதல் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஏரிக்கரை வாங்கு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ரி-பானெயிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான், படுக்கையிலும் தனக்கு வலப்பக்கந்தான் என்றார். கதிரையை இழுத்து மெதுவாக இருந்தார்.

"அப்ப அண்டைக்கு எனக்குக் கேக்கேல்லை எண்டு அவளுக்குத் தெரியும்."

"ஓமண்ணை."

"தெரிஞ்சுகொண்டுதான் சிரிச்சிருக்கிறாள்" என்றார். "கள்ளி."

அதன்பிறகுதான் அழுதார். அடக்கத்தன்றும் அழாத மனுஷன். நான் எழும்பிப்போய் மிச்சக் கோப்பைகளைக் கழுவினேன். நானும் அழுதேன், அதை மறைப்பதில் ஒன்றுமில்லை.

மற்றப் பதின்மூன்றையும் என்னால் மீட்க முடியவில்லை. அலுமாரிக்குள் வெயில் போனதில்லை. அவை இப்போது என் பிழைக்குச் சாட்சியாக இரண்டு காலிலும் சமனாக நிற்கின்றன. அக்காவின் வெட்டுக்குறட்டை யோசப் அண்ணை எனக்குத் தந்தார். பாவிக்கிறேன், இரண்டு வெட்டாகவே வெட்டுகிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அது இல்லை. ஒருவரில் ஒரு குறையைக் கண்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், போய் எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர் அறிந்திருந்தார். நான் வாய்க்காரன், எனக்கு அது இலகுவில் வராது. பழகுகிறேன்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்குக் கொஞ்சம் பிந்திவிட்டேன். மகள் வாசகம் வாசிக்க முன்னுக்குப் போயிருந்தாள். யோசப் அண்ணைக்கு வலப்பக்கத்தில் உறவினர் ஒருவர் இருந்தார். நான் அந்த உறவினருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மற்றப் பக்கம் இடம் இருக்கிறதென்று கையைக் காட்டினார். நின்றேன். பின் வரிசைகளெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று கண்ணால் காட்டினார். ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டேயிருந்தேன். அவர் எழும்பினார்.